தேயிலைச் சரிவில் தெய்வத் திருவிளக்கு
கேமரன் மலைக்கு ஒரு குடும்ப யாத்திரை

குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பது தமிழர் வழக்கு. குறிஞ்சி நிலத்தைச் சேயோனுக்கு உரியதாக வகுத்தது தொல்காப்பியம். அந்த உரிமையைத் தமிழர்கள் கடல் கடந்த பின்னரும் மறக்கவில்லை. பழனியையும் திருத்தணியையும் விட்டுப் புறப்பட்டவர்கள் ஈழத்தில் கதிர்காமத்தைக் கைகூப்பினர். மலைநாட்டில் பத்துமலையையும் ஈப்போ கல்லுமலையையும் கண்டுகொண்டனர். சுண்ணாம்புக் குகை கிடைத்த இடத்தில் குகையே கருவறையாயிற்று. குகை இல்லாத இடத்தில், தம் கையால் வெட்டித் திருத்திய சரிவின் ஓரத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினர். கேமரன் மலையின் தோட்டத்துக் கோயில்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், 712 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் இந்த மலைப்பகுதிக்குப் பள்ளி விடுமுறை தோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏறி வருகின்றன. ஸ்ட்ராபெரிப் பழமும் சோளமும் வாங்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளின் நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவோரே மிகுதி. அவர்கள் நின்ற அதே சரிவின் கீழ்ப்புறம் ஒரு மாரியம்மன் கோயில் இருந்திருக்கும். மணியோசையும் கேட்டிருக்கும். அது எவருடைய கோயில், அங்கு எப்படி வந்தது என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடிந்த பெற்றோருக்கு இப்பயணம் உல்லாசப் பயணமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

மலையேறும் பாதை

கோலாலம்பூரிலிருந்து புறப்படுவோர் பத்துமலையில் வேலவனை வணங்கிவிட்டு வடக்கு நோக்கிச் செல்வது பொருத்தமான தொடக்கமாகும். தம்புசாமிப் பிள்ளை 1891-ஆம் ஆண்டில் நிறுவிய அத்தலத்தில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 272 படிகளை ஏறி இறங்கிய கால்களுக்கு அடுத்த மலை அவ்வளவு கடினமாகத் தோன்றாது. பேராக் மாநிலத்தின் தாப்பா நகரில் நெடுஞ்சாலையை விட்டு வலப்புறம் திரும்பினால், அங்கிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதை. வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றைப் புரட்டும் என்பதால், எலுமிச்சம்பழம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பாட்டிமார்களின் பழக்கத்தை எவரும் எள்ளி நகையாட வேண்டியதில்லை.

இந்தப் பாதையே ஒரு வரலாற்றுச் சின்னம். 1926-ஆம் ஆண்டில் தொடங்கிய வேலை 1931-இல்தான் நிறைவுற்றது. அடர்ந்த காட்டினூடே, மழையிலும் மண்சரிவிலும், மலேரியாக் காய்ச்சலின் நடுவிலும் ஐந்தாண்டுகள் பாறையைப் பிளந்து போட்ட பாதை அது. வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரத்திலேயே வெள்ளிச் சரிகையாய் இறங்குகிறது. அங்கு வண்டியை நிறுத்திக் கைகால் கழுவிக்கொள்ளலாம். சாலையின் இருமருங்கிலும் தென்படும் மூங்கில் குடில்கள் செமாய் இனப் பூர்வகுடியினருடையவை. கேமரன் மலைக்கு எவரேனும் பழம்பெரும் உரிமை கொண்டாடலாம் என்றால் அவர்களே கொண்டாட வேண்டும். அவர்கள் விற்கும் காட்டுத்தேனையும் பெத்தாய்க் காயையும் பேரம் பேசாமல் வாங்குவது நன்று.

ஈப்போவிலிருந்து வருவோருக்குச் சிம்பாங் பூலாய் வழியாக 2000-ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்ட அகன்ற சாலை உண்டு. வேகமாக ஏறலாம், தலைசுற்றலும் குறைவு. எனினும் பாட்டனார் ஏறி வந்த பாதை தாப்பாப் பாதைதான். ஒரு முறையேனும் அதன் வழியே பிள்ளைகளை அழைத்து வருவது நல்லது.

வரைபடத்தில் உள்ள பெயர்களும் இல்லாத பெயர்களும்

1885-ஆம் ஆண்டில் காலனித்துவ அரசின் நில அளவையாளரான வில்லியம் கேமரன் இப்பகுதியை அளக்க வந்தார். மலைகள் சூழ்ந்த, மென்சரிவான ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் குறிப்பு எழுதினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவர் சொன்ன இடம் எது என்பதே பிற்காலத்தவருக்கு நெடுநாள் ஐயமாக இருந்தது. எனினும் பெயர் நிலைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்து, மலைவாசத்தலம் அமைக்கத் தக்க இடம் இதுவே என முடிவு செய்தார். நீலகிரிக்கு உதகையும் இலங்கைக்கு நுவரெலியாவும் போல மலாயாவுக்கும் ஒரு குளிர்ந்த ஊர் தேவை என்பது வெள்ளைக்காரத் துரைமார்களின் எண்ணம். மலாய் மொழியில் ‘சமநிலம்’ எனப் பொருள்படும் தானா ராத்தா அதன் மையமாயிற்று.

1929-ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர் இங்குத் தேயிலை பயிரிட நிலம் பெற்றார். இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னே அவருக்குத் துணை நின்றார். ‘போ’ தோட்டம் இவ்வாறு பிறந்தது. உலகப் பொருளாதார மந்தம் தலைகாட்டிய காலம் அது. ரப்பர் விலை பாதாளத்துக்கு விழுந்து கொண்டிருந்தது. அந்த வேளையில் ஒரு நீராவி உருளை இயந்திரம், சில கோவேறு கழுதைகள், மனிதக் கைகள் ஆகியவற்றைக் கொண்டே செங்குத்தான காட்டைத் தேயிலை மலையாக மாற்றினார்கள் என்பது அந்நிறுவனமே பெருமையுடன் கூறும் வரலாறு. ரஸ்ஸல் 1933-இல் காலமானார். அதே 1933-இல் ஆக்ராவிலிருந்து வந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் தொடங்கிய வணிகமே பின்னாளில் பாரத் தேயிலைத் தோட்டங்களாக வளர்ந்தது.

கேமரன், மேக்ஸ்வெல், ரஸ்ஸல், மில்னே என்ற பெயர்கள் நூல்களில் உள்ளன. அந்த மனிதக் கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் எந்த நூலில் உள்ளன? கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டி, அங்கு வேலை குறைந்தபோது மலைக்கு ஏறியவர்கள் அவர்களில் உண்டு. நேரே மலைக்கு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தபோது, மேலே இருந்தவர்கள் மேலேயே தங்கிவிட்டனர். பின்னர் வந்தன ஜப்பானியர் காலத்தின் 1942 முதல் 1945 வரையிலான பட்டினி நாள்கள். அதன்பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும். இவை அனைத்தையும் கடந்து நின்ற அந்த மக்களின் பெயர்களைத் தேடுவோர் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. தோட்டத்துக் கோயிலின் சுவரில் பதித்துள்ள உபயதாரர் பலகைகளின் முன் நின்றாலே போதும். விளக்கு உபயம் இன்னார், மணி உபயம் இன்னார், கூரைத்தகடு உபயம் இன்னார் என்று வரிசையாக அங்கே இருக்கின்றன. அன்றாடங் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த காசு அது. குடும்பத்தோடு வருவோர் ஐந்து நிமிடம் ஒதுக்கி அப்பலகைகளைப் பிள்ளைகளைக் கொண்டே உரக்கப் படிக்கச் சொல்லலாம். தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளையா என்பதும் அப்போது தெரிந்துவிடும்!

மாரியும் முருகனும்

தோட்டத்தில் முதலில் வந்தவள் மாரியம்மன். வைசூரிக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி வாழ்ந்த மக்கள் தம் ஊர்க் காவல் தெய்வத்தை நாடியதில் வியப்பில்லை. பிறந்த ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து புதிய இடத்தில் சேர்ப்பது தமிழரின் பழைய மரபு. அத்தாப்புக் கூரையின் கீழ் ஒரு கல், பிறகு தகரக் கொட்டகை, பிறகு செங்கல் சுவர், அதற்கும் பிறகு சிறியதொரு விமானம் என்பதே மலைநாட்டுத் தோட்டத்துக் கோயில்களின் வளர்ச்சிப் படிகள். முனீஸ்வரனும் மதுரை வீரனும் எல்லையில் நின்றனர். முருகனோ மலைக்கே உரியவன். ஆகவே அவனுக்குத் தனியே அழைப்பு வேண்டியிருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கோயிலுக்கு வேறொரு பயனும் இருந்தது. காலை பெரட்டுக்கு நின்ற பின்னர் நாள் முழுதும் கங்காணியின் குரலுக்கும் கிராணியின் கணக்குக்கும் கட்டுப்பட்ட மக்களுக்குத் தாமே தலைவர் தேர்ந்தெடுத்து, தாமே வரி வசூலித்து, தாமே கணக்குக் காட்டிக் காரியம் நடத்திய ஒரே இடம் கோயில்தான். துரையும் திருவிழா நாளில் மாலை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். அன்று ஒரு நாள் மட்டும் அவர் விருந்தாளி.

நகர்ப்புறத்தில் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயமும் தானா ராத்தா சுப்பிரமணியர் ஆலயமும் பயணிகள் எளிதில் அடையக் கூடியவை. தண்டூன்றிய கோலத்து ஆண்டவனைப் பனி மூடிய காலையில் தரிசிப்பது பழனியை நினைவூட்டும் அனுபவம். குளிருக்கு அஞ்சிக் கதவருகிலேயே நின்றுவிடும் பட்டணத்துப் பிள்ளைகளைப் பெரியவர்கள் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். காலடியில் தரை பனிக்கட்டி போலிருக்கும் என்பது உண்மையே. அர்ச்சனைக்குரிய பூவும் பழமும் கீழேயே வாங்கி வருவோர் உண்டு, அதற்குத் தேவையில்லை. நாடெங்கும் பூ அனுப்பும் மலை இது.

நடந்து காண வேண்டியவை

கேமரன் மலையின் காட்டுப் பாதைகளுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. 1 முதல் 14 வரையிலான அப்பாதைகளில் சில குழந்தைகளுக்கும் உகந்தவை. சில இளைஞர்களையே மூச்சு வாங்க வைப்பவை. தானா ராத்தாவை ஒட்டியுள்ள 4-ஆம் பாதை பாரிட் அருவிக்குச் செல்கிறது. பாட்டி தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே நடக்கலாம். மேலிருந்து வரும் நீர் முன்போல் தெளிவாக இல்லை என்பதால் அதில் இறங்கி விளையாடாதிருப்பது நலம். 9-ஆம் பாதை ராபின்சன் அருவியைக் காட்டும். அதிலிருந்து பிரியும் கிளைவழி போ தோட்டச் சாலைப் பக்கம் இறங்குகிறது. 10-ஆம் பாதை ஜாசார் மலைக்கு ஏறுவது. 1,600 மீட்டருக்கு மேற்பட்ட அதன் உச்சியிலிருந்து கீழே ஊரும் மலைத்தொடரும் விரிந்து தெரியும். பெரெம்பான் மலை இன்னும் உயரம். அதை உடல் வலுவுள்ளோருக்கு விட்டுவிடலாம்.

2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சி வரை தார்ச்சாலை போடப்பட்டுள்ளது. அதன் அருகே பாசிக் காடு. மரத்தின் அடி முதல் நுனி வரை பச்சைப் பாசி போர்த்தி, மேகம் உள்ளே புகுந்து உலவும் அக்காட்டில் நிற்கும்போது, முனிவர்கள் ஏன் மலையைத் தேடிப் போனார்கள் என்பது ஓரளவு விளங்கும். அந்தச் சாலையும் மரப்பலகை நடைபாதையும் பராமரிப்புக்காகவும் பாதுகாப்புக்காகவும் மூடப்படும் காலங்கள் உண்டு. ஆகவே புறப்படுமுன் வனத்துறையிடமோ தங்கும் விடுதியிலோ கேட்டறிந்துகொள்வது நல்லது.

காட்டுப் பாதையில் தனியே செல்லலாகாது. இதற்கு ஒரு சான்று உலகறிந்தது. தாய்லாந்தின் பட்டுத் தொழிலை உலகப் புகழ் பெறச் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், நண்பர்களுடன் தங்கியிருந்த ‘மூன்லைட்’ என்னும் மாளிகையிலிருந்து பிற்பகலில் வெளியே நடந்து போனார். திரும்பவில்லை. போலீசாரும் படையினரும் பூர்வகுடித் தடம் காண்போரும் நூற்றுக்கணக்கில் தேடினர். ஒரு செருப்புக்கூட அகப்படவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது குறித்து நூல்கள் பல எழுதப்பட்டுவிட்டன. முடிவு மட்டும் எழுதப்படவில்லை. கைத்தொலைபேசியின் சமிக்ஞை மரங்களுக்கிடையே மறைந்துவிடும் என்பதை இளையோர் நினைவில் கொள்ள வேண்டும். பிற்பகலில் மழை பெய்வது இங்கு வழக்கம். காலையிலேயே புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடுவதே முறை.

வரலாற்றில் நாட்டம் உள்ள குடும்பங்கள் பிரிஞ்சாங் அருகிலுள்ள ‘டைம் டன்னல்’ என்னும் சிறு காட்சியகத்தையும் பார்க்கலாம். பழைய படங்களும் அன்றாடப் புழங்குபொருள்களும் அங்கு சேகரித்து வைக்கப்பட்டுள்ளன. மலைமேல் அமைந்த சாம் போ பௌத்த ஆலயமும் அருகில்தான். போதிமாதவனை வணங்கி வருவதில் சைவர்க்குத் தடை ஏதுமில்லை.

கொழுந்து கோப்பைக்கு வரும் கதை

தேயிலையைக் காணாமல் இறங்கக் கூடாது. முதியோர் உடன் வந்திருந்தால் ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்திலேயே உள்ள பாரத் தோட்டத்தின் தேநீர் இல்லம் வசதியானது. வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை விரிப்பாகக் கண்முன் கிடக்கும். சற்றுச் சிரமப்பட ஆயத்தமானோர் ஹபுவில் பிரியும் குறுகிய சாலை வழியே போ தோட்டத்துக்கோ, பிரிஞ்சாங்கைக் கடந்து பிரியும் சாலை வழியே சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கோ செல்லலாம். எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடமின்றி ஓட்டுநர்கள் தவிக்கும் சாலைகள் அவை. விடுமுறை நாளில் காலை எட்டு மணிக்குள் போய்விடுவது புத்திசாலித்தனம். திங்கட்கிழமைகளில் போ தோட்டத்தின் பார்வையாளர் நிலையங்கள் மூடியிருப்பது வழக்கம்.

தொழிற்சாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது நிறைய உண்டு. பறித்த கொழுந்தை முதலில் காற்றோட்டத்தில் பல மணி நேரம் வாட்டுகிறார்கள். வாடித் துவண்ட இலையை உருட்டுப் பொறியில் இட்டுக் கசக்குகிறார்கள். சாறு வெளிவந்து காற்றோடு கலக்கையில் பச்சை இலை செம்பு நிறமாகிறது. இதனைப் புளிக்க வைத்தல் என்பர். உரிய பதத்தில் சூடேற்றி உலர்த்தாவிட்டால் மணம் கெட்டுவிடும். அந்தப் பதத்தை மூக்கினாலேயே அறிந்த தொழிலாளிகள் இருந்தார்கள். பின்னர் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். போ நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலை தயாரிப்பதாகக் கூறி வந்திருக்கிறது. எத்தனை கூடைகள், எத்தனை முதுகுகள் என்பதைப் பிள்ளைகளே பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும்.

தேயிலைச் செடி தானாக வளர விட்டால் மரமாகிவிடும். இடுப்பளவு உயரத்தில் நிற்பது கவ்வாத்து வெட்டுவதனால்தான். முதன்முதலில் நட்ட செடிகளில் சில இன்றளவும் கொழுந்து தருகின்றன. நட்ட கையின் கொள்ளுப்பேரன் இன்று அதே செடியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும் நடக்கக் கூடியதே. ஆனால் அப்படத்துக்காகச் செடிகளுக்கிடையே புகுந்து கிளைகளை மிதிப்பதும் கொழுந்தைக் கிள்ளிப் போடுவதும் தகாத செயல். அங்கே வேலை நடக்கிறது. சிலருக்கு அது அன்றைய கூலி.

விளக்கேற்ற யார்?

இனிச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. சிலாங்கூரிலும் பேராக்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது நிலம் கைமாறிற்று. கோயில்களும் இடம் பெயர்ந்தன, சில மறைந்தே போயின. அவ்வரலாறு மலேசியத் தமிழர் அனைவரும் அறிந்ததே. கேமரன் மலையின் நிலை அதற்கு நேர் எதிரானது. இங்கே தோட்டம் இருக்கிறது, தேயிலை இருக்கிறது, கோயிலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மக்கள்தான் இறங்கிவிட்டார்கள்.

அதைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை படித்து ஆசிரியராகவோ பொறியியலாளராகவோ ஆக வேண்டும் என்றுதான் தாய்மார்கள் மழையில் நனைந்து கொழுந்து பறித்தார்கள். அந்த வேண்டுதல் பலித்தது. லயத்து வீடுகளில் இன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களே மிகுதியாகக் குடியிருக்கிறார்கள். போ 1, போ 2, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் தாய்மொழியைக் காத்து நிற்கின்றன. ஆனால் குடும்பம் குறையக் குறையப் பள்ளிக்குப் பிள்ளை குறையும், கோயிலுக்குப் பூசை குறையும். அன்றாட பூசை செவ்வாய் வெள்ளிக்குச் சுருங்குவதும், செவ்வாய் வெள்ளி மாதப் பூசையாகச் சுருங்குவதும் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் கண்ட காட்சியே. அதன்பின் எஞ்சுவது ஆண்டுத் திருவிழா ஒன்றுதான்.

இயற்கையும் எச்சரிக்கை விடுத்தே வருகிறது. காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளைச் சீவியதால் மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் படிகிறது. 1960-ஆம் ஆண்டுகளில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணைக்கு அது பெருஞ்சுமை. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் நேர்ந்தது. திருவிழாவில் விட்டுச் செல்லும் நெகிழிப் பைகளும் குவளைகளும் எந்த ஓடையில் போய் அடைகின்றன என்பதை அன்னதானக் குழுவினர் எண்ணிப் பார்ப்பது நல்லது. வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கவே இருக்கின்றன.

உபயதாரப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய கோபுரத்துக்கும் பளிங்குத் தரைக்கும் நிதி தருவோர் பலர். அவர்கள் பெயர் பலகையில் ஏறும். மாதந்தோறும் எண்ணெய்க்கும், பூசகரின் சம்பளத்துக்கும், ஒழுகும் கூரைக்கும் தருவோர் சிலரே. பூட்டிக் கிடக்கும் பெரிய கோயிலைவிட, நாள்தோறும் திறக்கும் சிறிய கோயிலே அம்மனுக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. இறங்கிப் போன குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மாதம் என்று பூசையை ஏற்றுக்கொண்டாலே பன்னிரண்டு குடும்பங்கள் ஒரு கோயிலைக் காப்பாற்றிவிடும். மலைக்கு உல்லாசமாக வரும் வெளியூர்க் குடும்பங்களும், வழியில் தோட்டத்துக் கோயில் திறந்திருக்கக் கண்டால் கடந்து போய்விடாமல், வண்டியை ஒதுக்கி நிறுத்தி உள்ளே சென்று ஒரு சூடம் ஏற்றலாம். தோட்டத்து நிலம் நிறுவனத்துக்கு உரியது என்பதால் வாயிற்காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செல்வது மரியாதை.

திருவிழா நாள்

தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா நாள் வேறுபடும். எனினும் காட்சி ஒன்றே. முதல் நாள் மாலையிலிருந்தே தாப்பாப் பாதையில் வாகனங்கள் ஏறத் தொடங்கும். கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம், ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம், ஜொகூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டிவந்த ஒரு குடும்பம். “அத்தை எப்போ வந்தீங்க?” “மாமா வரலையா?” என்ற குரல்கள் பனியினூடே கேட்கும். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இங்கேதான் ஒருவரை ஒருவர் கண்டுகொள்கிறார்கள். அண்ணன் தம்பி உறவு என்பது இரத்தத்தால் மட்டும் வருவதன்று. ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்ததனாலும் வருவது.

காப்புக் கட்டிய நாள் முதல் விரதம் காத்தவர்கள் விடியற்காலைக் குளிரில் ஓடை நீரில் தலை முழுகி எழும்போது காண்போருக்கே நடுக்கம் எடுக்கும். பால்குடம் தேயிலைச் சரிவின் நடுவே வளைந்து வளைந்து ஏறும். இருபுறமும் பச்சை, நடுவே மஞ்சள் ஆடை. உறுமியும் மேளமும் எதிர்மலையில் மோதித் திரும்பும். கொழுந்துக் கூடை சுமந்த அதே தலைகளின் வழித்தோன்றல்கள் கரகமும் குடமும் சுமந்து வருகிறார்கள். புதிதாக வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதும், அன்னதானப் பந்தியில் அவர்களுக்கும் இலை போடுவதும் இக்காலத் திருவிழாக்களில் காணக் கூடியது. சென்ற தலைமுறை செய்தது சரியென்று அந்த இலைகள் சொல்கின்றன.

சாப்பாடு முடிந்த பிற்பகலில் பெரியவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லயத்துப் பக்கம் ஒரு நடை போவார்கள். இதுதான் ஆயாக் கொட்டகை இருந்த இடம். இங்கேதான் கொழுந்து நிறுத்தார்கள். அதோ அந்த மரத்தடியில்தான் தாத்தாவுக்குக் கங்காணி வேலை கிடைத்ததும் பொங்கல் வைத்தோம். இந்த வீடுதான்; இல்லை, அடுத்த வீடு. எண் மாற்றிவிட்டார்கள். கதவருகே ஒரு வங்காள இளைஞர் சிரித்துக்கொண்டு நின்று, உள்ளே வந்து பாருங்கள் என்று மலாயில் கூப்பிடுவார். பாட்டியம்மாள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே போகாமலே திரும்பிவிடுவார்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு. பந்தல் கழிகளை அவிழ்த்து அடுக்கும் வேளையில் மேகம் இறங்கிவிடும். விபூதிப் பொட்டலமும் தேயிலைப் பொட்டலமும் ஒரே பையில் இருக்க, வாகனங்கள் முன்விளக்கு எரிய ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். நிர்வாகத்தினர் இருவர் உண்டியலைத் திறந்து எண்ணிக் கணக்கெழுதி, பூசகருக்கு உரியதைக் கொடுத்து, எண்ணெய் டின் எத்தனை மிச்சம் என்று பார்த்து வைப்பர். மறுநாள் காலை தோட்டத்தில் வழக்கம்போல் கொழுந்து நிறுக்கப்படும்.